அடைமான அறிவிப்பும் மீட்புரிமையும் – ஒரு சொல் நோக்கு

பொருள் வேண்டி நிலத்தையும் மனையையும் பிறரிடம் ஈடாக வைக்கும் வழக்கம் தமிழகத்தில் தொன்மையானது. அவ்வழக்கத்தைச் சுட்டும் சொற்களும் பல. ஒற்றி, ஈடு, போக்கியம், அடைமானம், அடகு என்பன அவற்றுட் சில. நிலம் பற்றிய பழங்கல்வெட்டுகளில், நிலத்தைப் பெற்றவர் அதனை விற்கவும் ஒற்றி வைக்கவும் உரியவர் எனக் கூறும் தொடர்களைக் காண்கிறோம். விற்றலும் ஒற்றியும் அடுத்தடுத்து வைத்து எண்ணப்பட்டாலும், விற்றது திரும்பாது, ஒற்றி வைத்தது திரும்பும் என்னும் வேறுபாட்டை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

மேற்கூறிய சொற்கள் ஒருபொருட் பன்மொழி போலத் தோன்றினும் நுணுகி நோக்கின் வெவ்வேறு பொருளுடையன. ஒற்றியில் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குச் செல்லும். வட்டிக்கு மாறாக அவர் விளைவை அனுபவிப்பார். இன்றும் தென்மாவட்டங்களில் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருப்பதை 'ஒத்திக்கு இருத்தல்' என்பர். வேறு சில பகுதிகளில் அதுவே போக்கியம். யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் தொகுப்பித்தபோது ஒற்றி அங்கும் இடம்பெற்றது. ஈடு என்பதில் நிலம் உரியவர் கையிலேயே இருக்கும். பத்திரம் மட்டும் கடனுக்குக் கட்டுப்படும். அடகு நகை, பாத்திரம் முதலிய அசையும் பொருளுக்கு உரியது. பேச்சு வழக்கில் 'வீட்டை அடகு வைத்தேன்' என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்வது பிழை என்று 2002 வரை உறுதியாகக் கூற முடிந்தது. அதன் பின்னர் அவ்வளவு உறுதியாகக் கூற இயலவில்லை. அது எவ்வாறு என்பதைக் காண்பதும், அம்மாற்றத்தில் தமிழுக்குள்ள பங்கை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டத்தின் நிலை

அடைமானத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'மார்ட்கேஜ்' என்னும் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் நேர்ப்பொருள் 'செத்த ஈடு' என்பதாகும். கடனைத் தீர்க்காவிடில் நிலம் கடனாளிக்குச் செத்துப்போகிறது. தீர்த்துவிட்டால் கடன் கொடுத்தவருக்குச் செத்துப்போகிறது என்று அந்நாட்டுப் பழைய சட்ட அறிஞர் விளக்கம் கூறினர். நம் ஒற்றி, ஈடு என்னும் சொற்களில் சாவு இல்லை என்பதில் நமக்குச் சிறிது பெருமையே.

இந்தியாவில் அடைமானத்தை ஆளும் அடிப்படைச் சட்டம் 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம். அதன் 58ஆம் பிரிவு அடைமானத்தை 6 வகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் இன்று வீட்டுக்கடன் பெறுவோரிடையே பெருவழக்காக இருப்பது மூலப் பத்திரங்களை ஒப்படைத்துக் கடன் பெறும் முறை. தொடக்கத்தில் கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய வணிக நகரங்களை முன்னிட்டு அமைந்த இம்முறை, அரசு அறிவிக்கும் பிற ஊர்களுக்கும் விரிந்தது. ஏனைய வகைகள் சட்டம் பயில்வோர்க்கு உரியவை. அவற்றை விடுத்து மேற்செல்வோம்.

இச்சட்டத்தின் உயிர்நாடி 60ஆம் பிரிவு. கடன் தொகை செலுத்தவேண்டிய காலம் வந்தபின், உரிய தொகையைச் செலுத்திச் சொத்தையும் பத்திரங்களையும் திரும்பப் பெறும் உரிமை அடைமானம் வைத்தவருக்கு உண்டு என்கிறது அது. இதனை மீட்புரிமை என்கிறோம். 'குறித்த நாளில் செலுத்தாவிடில் நிலம் உமக்கே உரியதாகுக' என்று கடனாளி அடைமானப் பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தாலும் அவ்வெழுத்து இவ்வுரிமையை அழிக்காது. நெருக்கடியில் இருப்பவர் எதையும் எழுதிக் கொடுப்பார் என்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது.

கடன் கொடுத்தவரின் உரிமை 67ஆம் பிரிவில் உள்ளது. அவர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துச் சொத்தை விற்கச் செய்யலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34ஆம் கட்டளைப்படி முதனிலைத் தீர்ப்பு, பணம் செலுத்த 6 மாதம் வரை தவணை, அதன்பின் இறுதித் தீர்ப்பு, அதன்பின் ஏலம் என அவ்வழி நீண்டது. அவ்வழியில் கடனாளி தம் நிலையை நீதிபதியின் முன் வாய்திறந்து சொல்ல இடமிருந்தது.

நீதிமன்றத்தின் துணையின்றித் தாமே விற்கும் அதிகாரத்தை 69ஆம் பிரிவு மிகக் குறுகிய எல்லைக்குள் வைத்தது. 'ஆங்கில அடைமானம்' என்னும் வகையில், இரு தரப்பாரும் இந்துவாகவோ முஸ்லிமாகவோ பௌத்தராகவோ இல்லாதிருந்தால் அவ்வதிகாரம் உண்டு. சொத்து சென்னை போன்ற குறிப்பிட்ட நகரில் இருந்து, பத்திரத்திலும் தெளிவாக எழுதியிருந்தால் எவருக்கும் உண்டு. அப்போதும் எழுத்தால் அறிவிப்பு அனுப்பி 3 மாதம் பொறுத்திருக்க வேண்டும். இப்பிரிவைப் படிக்கையில் வியப்புத் தோன்றும். இந்நாட்டு மக்களுள் பெரும்பாலோரை ஒதுக்கிவிட்டு எஞ்சியோர்க்கென ஒரு விதி! ஆயினும் அவ்வொதுக்கலால் நம்மவர்க்கு நன்மையே விளைந்தது. ஊர்ப்புறத்துக் குடியானவரின் நிலத்தைக் கடன் கொடுத்தவர் தாமே ஏலம் போட முடியவில்லை.

இனி அடகின் நிலையை நோக்குவோம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 176ஆம் பிரிவின்படி, அடகு பிடித்தவர் தக்க அறிவிப்புக் கொடுத்துவிட்டு நகையைத் தாமே விற்கலாம். நீதிமன்றம் வேண்டா. ஆக, நகைக்கு அறிவிப்பும் மனைக்கு நீதிமன்றமும் என்பது ஏறத்தாழ 120 ஆண்டுகள் நிலவிய பொது நெறி.

2002இன் மாற்றம்

1990களில் வங்கிகளின் வாராக்கடன் பெருகியது. நரசிம்மம் குழுக்கள் இதனை ஆராய்ந்தன. 1993இல் கடன் வசூல் தீர்ப்பாயங்களுக்கான சட்டம் வந்தது. அதுவும் போதாமையால் 2002இல் 'சர்ஃபாசி' எனச் சுருக்கமாக வழங்கும் சட்டம் வந்தது. கடன் கொடுத்தோர் பக்கத்து நியாயத்தையும் இவ்விடத்துச் சொல்லியாக வேண்டும். வங்கியில் உள்ள பணம் ஓய்வூதியத்தைச் சேமித்து வைத்த ஆசிரியருடையது. மகள் திருமணத்துக்கெனப் போட்டு வைத்த கைம்பெண்ணுடையது. வாங்கிய கடனைத் திருப்பாமல் வழக்கை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த பெரும் நிறுவனங்களை நோக்கியே இச்சட்டம் பிறந்தது. ஆயினும் பெருமீனுக்குப் பின்னிய வலையில் சிறுமீனும் அகப்பட்டது. வங்கிகளோடு வீட்டுவசதி நிதி நிறுவனங்களும் இவ்வதிகாரம் பெற்றன. கூட்டுறவு வங்கிகளுக்கும் இச்சட்டம் பொருந்தும் என 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. வங்கியல்லாத நிதி நிறுவனங்களுள் 100 கோடி ரூபாய்க்குக் குறையாத சொத்துடையவை, 20 லட்சம் ரூபாய் முதலான கடன்களுக்கு இதனைப் பயன்படுத்தலாம் என 2021இல் வரம்பு தளர்ந்தது.

சட்டத்தின் 13ஆம் பிரிவு, 69ஆம் பிரிவின் தடைகளைத் தாண்டி, நீதிமன்றத்தின் குறுக்கீடு இன்றியே கடன் கொடுத்தவர் தம் பிணையைச் செயற்படுத்தலாம் என்கிறது. மனையும் நகையின் நிலைக்கு வந்தது. 'வீட்டை அடகு வைத்தேன்' என்னும் பேச்சு வழக்கைப் பிழையென நாம் இப்போது உறுதியாகக் கூற இயலாமைக்குக் காரணம் இதுவே.

நடைமுறை இவ்வாறு செல்கிறது. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையானால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். பின் 13(2)ஆம் பிரிவின்படி 60 நாள் அறிவிப்பு. அதில் செலுத்தவேண்டிய தொகையின் விவரமும் எந்தச் சொத்தின்மேல் நடவடிக்கை என்பதும் இருத்தல் வேண்டும். செலுத்தாவிடில் 13(4)ஆம் பிரிவின்படி சொத்தைக் கைக்கொள்ளலாம். தேவைப்படின் மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவரின் உதவியை 14ஆம் பிரிவின்படி நாடலாம். பின்னர் 30 நாள் விற்பனை அறிவிப்பு, அதன்பின் ஏலம். கூட்டிப் பார்த்தால் முதல் தவணை தவறியதிலிருந்து ஏறத்தாழ 180 நாட்கள். பழைய முறையில் முதனிலைத் தீர்ப்பின் தவணை மட்டுமே அவ்வளவு இருந்தது.

உரிமையியல் நீதிமன்றத்தின் கதவை இச்சட்டத்தின் 34ஆம் பிரிவு அடைத்தது. எஞ்சியது தீர்ப்பாயம். அங்கும் கோரிய தொகையில் 75 விழுக்காட்டைக் கட்டினால்தான் முறையீடு கேட்கப்படும் என்றிருந்த விதியை 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அறிவிப்புக்குக் கடனாளி மறுப்புத் தெரிவித்தால் கடன் கொடுத்தவர் அதனைக் கருதிப் பார்த்துக் காரணத்துடன் பதில் தரவேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் பயனே. அது 13(3அ) பிரிவாகச் சட்டத்தில் ஏறியது. பதிலுக்கு இன்று 15 நாள் வரம்பு. நீதிபதியின் முன் வாய்திறக்கும் இடம் போனபின், கைக்கொள்ளலுக்கு முன்னர்க் கடனாளிக்கு எஞ்சிய ஒரே பேச்சு இம்மறுப்புக் கடிதந்தான். அதற்கு வாயில் அறிவிப்பு. எனவே அறிவிப்பு அவருக்குப் புரிந்ததா என்னும் வினா மொழி பற்றியது மட்டுமன்று, உரிமை பற்றியதும் ஆகும்.

அறிவிப்பைப் பெறுதல்

சில ஆண்டுகளுக்கு முன் நம் துறையில் பயின்ற மாணவர் ஒருவரின் தந்தையார் ஒரு தாளுடன் வந்தார். தையற்கடை நடத்துபவர். தாளின் பின்புறத்தில் பசை காய்ந்திருந்தது. வீட்டுக் கதவிலிருந்து கிழித்தெடுத்தது. முன்னரே பதிவு அஞ்சலில் வந்ததை அவர் வாங்காமல் திருப்பியனுப்பியிருந்தார். "கையெழுத்துப் போட்டு வாங்கினால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்றார்கள் சார்" என்றார்.

இந்நம்பிக்கை நம்மிடையே பரவலாக உள்ளது. இதனால் விளையும் கேடு பெரிது. அஞ்சலை வாங்குவது கடனை ஒப்புக்கொள்வது ஆகாது. மறுத்துத் திருப்பினாலோ, அறிவிப்புச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும். கடனாளி தவிர்க்கிறார் என்று கண்டால் வெளிக்கதவில் ஒட்டவும், இரு முன்னணி நாளிதழ்களில் வெளியிடவும் 2002ஆம் ஆண்டின் விதிகள் இடமளிக்கின்றன. மேலும் சட்டத்தின் வாசகம் 'அறிவிப்பின் தேதியிலிருந்து' 60 நாள் என்பது. உறை அஞ்சலகத்தில் கிடந்த நாட்களும் அதில் கழியும். அவர் வந்த அன்று எஞ்சியிருந்தவை 17 நாட்கள்.

தாள் முழுவதும் ஆங்கிலம். அதனைப் படித்துப் பொருள் கூறியபின், அவர் சொல்லச் சொல்ல மறுப்புக் கடிதம் தமிழிலேயே எழுதப்பட்டது. மூன்று தவணைகளைக் கட்டிய இரசீதுகள் அவரிடம் இருந்தன. கணக்கில் அவை ஏறியிருக்கவில்லை. பின்மனையைத் தமையனுக்கு விற்றுக் கடனைக் கட்டவும் எண்ணியிருந்தார். அறிவிப்புப் பெற்றபின் கடன் கொடுத்தவரின் எழுத்து மூலமான ஒப்புதலின்றிச் சொத்தை விற்கவோ நீண்டகாலக் குத்தகைக்கு விடவோ 13(13)ஆம் பிரிவு தடை செய்கிறது. அவ்வொப்புதலையும் அதே கடிதத்தில் கேட்டிருந்தார். இரசீதுகளை ஏற்றுக்கொண்டு, விற்பனைக்கும் இசைந்து, 12ஆம் நாள் பதில் வந்தது, ஆங்கிலத்தில்.

அறிவிப்பின் தமிழ்

60 நாள் அறிவிப்பு இன்ன மொழியில் இருத்தல் வேண்டும் என்று இச்சட்டம் கூறவில்லை. நாளிதழ்களில் வெளியிடும் அறிவிப்புகளுள் ஒன்று வட்டார மொழியில் இருத்தல் வேண்டும் என்றே விதிகள் கூறுகின்றன. வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த நியாய நடைமுறை நெறி, கடனாளிக்கு அனுப்பும் மடல்கள் அவருக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும் என்கிறது. ஆகவே தமிழ் தலைகாட்டும் இடம் பெரும்பாலும் நாளிதழின் கடைசிப் பக்கங்களே. அங்கே அது படும் பாட்டை மாணவர்கள் ஒருமுறையேனும் ஊன்றிப் படித்தல் நன்று.

முதலாவது, 'செயல்படாத சொத்து'. வாராக்கடன் வங்கியின் கணக்கில் ஒரு 'சொத்து'. பலன் தராத சொத்து. ஆங்கிலத்தில் அதனைக் கருதியே அப்பெயர். தமிழில் சொல்லுக்குச் சொல் வைத்தவுடன், படிக்கும் கடனாளி தம் வீட்டைத்தான் சொல்கிறார்கள் என்று மயங்குகிறார். நாளிதழ்ச் செய்திகளில் 'வாராக்கடன்' என்னும் அழகிய சொல் வழங்குகிறது. அதே நாளிதழின் அறிவிப்புப் பக்கத்துக்கு மட்டும் அது வரவில்லை.

இரண்டாவது, 'குறியீட்டுச் சுவாதீனம்', 'பௌதிக சுவாதீனம்'. முன்னது காகித அளவில் கைக்கொண்டு, குடியிருப்போரை வெளியேற்றாத நிலை. பின்னது வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்ளும் நிலை. ஒரு குடும்பத்துக்கு இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு, கூரைக்கும் தெருவுக்கும் உள்ள தொலைவு. பௌதிகம் என்றால் நம் மாணவர்க்கு இயற்பியல் பாடமே நினைவுக்கு வரும். 'ஆவண அளவில் எடுத்துக்கொண்டோம், நீங்கள் இப்போது வெளியேற வேண்டியதில்லை' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மூன்றாவது முதன்மையானது. கைக்கொண்ட அறிவிப்பின் படிவத்தில் மீட்புரிமையைச் சுட்டும் வரி ஒன்று உண்டு. 'சட்டத்தின் 13ஆம் பிரிவின் (8)ஆம் உட்பிரிவின்பால் கடன்தாரரின் கவனம் ஈர்க்கப்படுகிறது' என்னும் பாங்கில் அது தமிழாகிறது. செயப்பாட்டு வினையில் ஒரு வரி. எண்ணைச் சொல்லிப் பொருளைச் சொல்லாத வரி. அந்த எண்ணுக்குள் இருப்பது இது: ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன் முழு நிலுவையையும் செலவுகளையும் செலுத்திவிட்டால் சொத்தை விற்கக் கூடாது. 2016க்கு முன் இவ்வெல்லை விற்பனைக்குக் குறித்த நாள் வரை இருந்தது. திருத்தத்தால் முன்னே நகர்ந்தது. 69ஆம் பிரிவு பற்றிய 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி, கிரயம் எழுதிப் பதியும் வரை மீட்புரிமை வாழ்ந்தது. 2023இல் உச்ச நீதிமன்றம், இச்சட்டத்தின் கீழ் ஏல அறிவிப்பு வெளியானவுடன் அவ்வுரிமை முடிகிறது என்று கூறியது. இவ்வளவு சுருங்கிவிட்ட காலத்தை ஓர் எண்ணால் மட்டும் அறிவிப்பது போதுமா?

இங்கே சொற்குழப்பம் ஒன்றும் உண்டு. கடன் கொடுத்தவர் பணத்தைத் திரும்பப் பெறுவதையும் 'மீட்பு' என்கிறோம். கடனாளி வீட்டைத் திரும்பப் பெறுவதையும் 'மீட்பு' என்கிறோம். 'கடன் மீட்புத் தீர்ப்பாயம்' என்று பலகை இருந்தால், தம் வீட்டை மீட்டுத் தரும் இடம் என்று எண்ணி மகிழும் எளியவரை நாம் குறை கூற இயலாது. எதிரெதிர் நிற்கும் இரு தரப்பாரின் உரிமைக்கும் ஒரே சொல் வழங்குவது தெளிவுக்கு ஊறு.

இதற்கு மருந்து நம் கைவசமே உள்ளது. நீதிமன்றத் தமிழில் அரபு மூலத்துச் சொற்கள் நெடுங்காலமாக ஊறிப்போயுள்ளன. அசல், பாக்கி, தாவா, ரத்து, ஜாமீன், வாரிசு, ஜப்தி என்பன அவற்றுட் சில. நம்பிக்கைக்குரியவர் என்னும் பொருளுடைய 'அமீன்' என்பதே, ஜப்தி செய்ய வரும் 'அமீனா' ஆனது. எவர்தம் நம்பிக்கைக்கு உரியவர் என்பதை வாசகர் முடிவுக்கு விட்டுவிடுவோம். அவ்வகையில் வந்து சேர்தல் என்னும் பொருளில் அமைந்த 'வசூல்' கடன் கொடுத்தவருக்கு உரியதாகட்டும்; 'மீட்பு' என்னும் தமிழ்ச்சொல் கடனாளிக்கு உரியதாகட்டும். தனித்தமிழ்ப் பற்றுடைய நண்பர்கள் இதற்கு இசையார். எனினும் ஊரார் நாவில் 'கடன் வசூல்', 'நகை மீட்பு' என இவ்வேறுபாடு ஏற்கெனவே உள்ளது. இலக்கணம் வழக்கைத் தழுவியே செல்லும்.

அறிவிப்பு எவ்வாறு எழுதப்படலாம் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறோம்: 'உங்கள் வீட்டுக்கடனில் இந்நாள் வரை அசல் இவ்வளவு, வட்டி இவ்வளவு, பிற கட்டணம் இவ்வளவு பாக்கி உள்ளது. இந்த அறிவிப்பின் தேதியிலிருந்து 60 நாளுக்குள் இதனைச் செலுத்தவேண்டும். கணக்கில் தவறு இருந்தாலோ வேறு மறுப்பு இருந்தாலோ எழுதி அனுப்புங்கள். 15 நாளுக்குள் காரணத்துடன் பதில் தருவோம். செலுத்தாவிடில் வீட்டை நாங்கள் எடுத்துக்கொள்ள நேரும். எடுத்துக்கொண்டால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் நீங்கள் முறையிடலாம்.' சட்டம் கேட்பவற்றுள் சொத்து விவரம் ஒன்றே இதில் சேர்க்க வேண்டியது. தமிழ்நாட்டில் அத்தீர்ப்பாயங்கள் சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய ஊர்களில் உள்ளன என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம். பிற கட்டணத்தைத் தனியே காட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தவணை தவறியதற்கான அபராதத்தை வட்டியோடு கூட்டி, அதன்மேல் மீண்டும் வட்டி ஏற்றக் கூடாது என ரிசர்வ் வங்கி 2023இல் ஆணையிட்டது. விவரம் பிரித்துக் காட்டப்பட்டால்தான் கடனாளி அதனைச் சரிபார்க்க முடியும்.

விலக்குகளும் விடுதலையும்

வேளாண் நிலத்துக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆயினும் பத்திரத்தில் நன்செய் என எழுதியிருந்தால் மட்டும் போதாது. நிலம் உண்மையில் எவ்வாறு பயன்பட்டது என்பதை முழுமையாக ஆராய்தல் வேண்டும் என 2018இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடனுக்கும், அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 விழுக்காட்டுக்குக் குறைவாகவே பாக்கி உள்ளபோதும் இச்சட்டம் பொருந்தாது. கடனைப் பெரும்பகுதி அடைத்துவிட்ட முதியோர் பலர் இவ்விறுதி விலக்கை அறிவதில்லை.

ஏலம் நடந்தே தீர்ந்தாலும், விற்ற தொகையில் செலவும் கடனும் போக எஞ்சியது உரியவரையே சேரும். கேளாமல் அது வந்து சேரும் என்று காத்திராமல் எழுத்து மூலம் கணக்குக் கேட்டல் வேண்டும்.

கடன் முழுதும் தீர்ந்தபின் மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும், கடன் கொடுத்தவரால் தாமதம் நேர்ந்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி ஆணை. பத்திரம் கைக்கு வந்ததோடு பலர் நின்றுவிடுகின்றனர். ஒப்படைப்பு ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்குமாயின், கடன் தீர்ந்ததற்கான இரசீது ஆவணத்தையும் அங்கே பதிவு செய்தல் வேண்டும். இன்றேல் வில்லங்கச் சான்றில் அடைமானம் நின்றுகொண்டே இருக்கும். மேற்கூறிய தையற்கடைக்காரர் கடனைத் தீர்த்தபின் அவ்விரசீதையும் பதிந்து, வில்லங்கச் சான்றின் படி ஒன்றைத் துறைக்குக் கொணர்ந்து காட்டிச் சென்றார்.